‘மை ஹார்ட் வில் கோ ஆன்’: ‘டைட்டானிக்’ பாடலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘டைட்டானிக்’ 1997 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில் வெளியானது. மூன்றே கால் மணி நேரப் படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும் இடத்தில் ஒலிக்கும் பாடல் ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’. படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அதன் தொடக்கக் குழலிசை தெரிந்திருக்கும். பாடல் எப்படி உருவானது, படத்தில் எங்கே இருக்கிறது, இசையில் என்ன நடக்கிறது என்று ரசிகர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இந்தப் பாடலை உருவாக்கியவர்கள் யார்?

இசை ஜேம்ஸ் ஹார்னர்; வரிகள் வில் ஜென்னிங்ஸ்; குரல், கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த செலின் டியான். ஒலிப்பதிவைத் தயாரித்ததில் ஹார்னருடன் வால்டர் அஃபனாசியெஃப் பங்கேற்றார். ஜென்னிங்ஸ் அப்போதே திரைப்பாடல் உலகில் பழுத்த அனுபவம் உடையவர்; ‘அன் ஆபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்’ படத்துக்காக 1982-இல் எழுதிய பாடலுக்கு ஆஸ்கர் விருதில் பங்கு பெற்றவர்; எரிக் கிளாப்டன் தன் மகனை இழந்த துயரத்தில் பாடிய ‘டியர்ஸ் இன் ஹெவன்’ பாடலை அவருடன் சேர்ந்து எழுதியவரும் இவரே. ஹார்னர் 2015 ஜூன் 22 அன்று கலிபோர்னியாவில் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் விபத்துக்குள்ளானதில் உயிரிழந்தார். ஜென்னிங்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார்.

இயக்குநர் கேமரூன் படத்தில் பாடலே வேண்டாம் என்று சொன்னாரா?

ஆம். வரிகளுடன் கூடிய பாடல் எதுவும் படத்தில் இடம்பெறக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆயிரத்து ஐந்நூறு பேர் உயிரிழந்த ஓர் உண்மை விபத்தைச் சொல்லி முடித்த கையோடு ஒரு பாப் பாடலை ஒலிக்கவிட்டால், அது வணிக நோக்கத்துக்காக ஒட்டவைத்த வால் போலத் தெரியும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய ஹாலிவுட் படங்களில் கதைக்குத் துளியும் தொடர்பில்லாத பாடல்கள் இறுதியில் வந்து விழுவது வழக்கமாகவே இருந்தது.

ஆனால் ஹார்னர், பார்வையாளரைக் கதையிலிருந்து சட்டென்று வெளியே தள்ளாமல், அந்த உணர்ச்சியோடே இருக்கையை விட்டு எழச் செய்ய ஒரு பாடல் தேவை என்று கருதினார். ஆகவே கேமரூனுக்குத் தெரிவிக்காமலேயே ஜென்னிங்ஸை அழைத்து வரிகளை எழுத வைத்தார். செலின் டியானைப் பாட வைத்து மாதிரிப் பதிவையும் எடுத்து முடித்தார். அதன் பிறகும் உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடவில்லை. படத்தின் செலவு 20 கோடி டாலரை எட்டியிருந்தது. 1997 ஜூலையில் வர வேண்டிய படம் டிசம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. இயக்குநர் கடும் நெருக்கடியில் இருந்தார். அவர் மனம் சற்றுத் தெளிந்திருக்கும் நாள் வரும்வரை ஹார்னர் அந்த ஒலிநாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேமரூன் பலமுறை கேட்டுப் பார்த்த பின்னரே இசைந்தார்.

இந்த இருவருக்கும் இடையே பழைய மனக்கசப்பும் உண்டு. 1986-இல் வெளிவந்த ‘ஏலியன்ஸ்’ படத்தின்போது, இசையமைக்கப் போதிய அவகாசம் தரப்படாததால் உறவு முறிந்து, இனிச் சேர்ந்து வேலை செய்யப் போவதில்லை என்ற நிலையில்தான் பிரிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் கட்டளையை மீறி, அவருக்குத் தெரியாமல் ஒரு பாடலை உருவாக்கியது சாதாரணத் துணிச்சல் அன்று.

செலின் டியானுக்கு முதலில் இந்தப் பாடல் பிடிக்கவில்லை என்பது உண்மையா?

உண்மையே, அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லாஸ் வேகாஸில் ஒரு விடுதி அறையில் ஹார்னர் பியானோவில் அமர்ந்து, தம் சொந்தக் குரலில் பாடலைப் பாடிக் காட்டினார். இசையமைப்பாளர்கள் எல்லோரும் நல்ல பாடகர்களாக இருப்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்த செலின், வேண்டாம் என்று தம் கணவரும் மேலாளருமான ரெனே ஆஞ்செலிலுக்குச் சைகை காட்டினார். ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’, ‘பிகாஸ் யூ லவ்ட் மீ’ என்று அதற்கு முன்பே திரைப்பாடல்கள் அவருக்கு வெற்றியைத் தந்திருந்தன; மேலும் ஒன்றைப் பாடி அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். ரெனேதான் மெட்டின் வலிமையை உணர்ந்து, ஒரு மாதிரிப் பதிவாவது எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

இதற்கு முன் ஹார்னரின் இசையில் செலினுக்குக் கைநழுவிய வாய்ப்பு ஒன்றும் உண்டு. 1991-இல் வந்த ஓர் அசைவூட்டப் படத்துக்காக அவர் பாடவிருந்த பாடலை இறுதியில் லிண்டா ரான்ஸ்டட் பாடினார். அந்த நினைவும் தயக்கத்தைக் கூட்டியிருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

நாம் கேட்பது ஒரே மூச்சில் பாடப்பட்ட மாதிரிப் பதிவா?

நியூயார்க்கில் உள்ள ஹிட் ஃபேக்டரி ஒலிப்பதிவுக் கூடத்தில் செலின் ஒரு முறை பாடினார். அந்த மாதிரிப் பதிவின் குரலையே வைத்துக்கொண்டு பின்னர் இசைக்குழுவின் வாசிப்பைச் சுற்றிலும் அமைத்தார்கள் என்று பதிவில் பங்கேற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்று உடல்நிலை சரியில்லாததால், வழக்கத்துக்கு மாறாகச் சர்க்கரை போட்ட கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டுப் பாடியதாகவும், அதனால் குரலின் அதிர்வு வேகம் கூடியதாகவும் செலின் நினைவுகூர்ந்திருக்கிறார். நீண்ட சுரங்களின் இறுதியைக் கூர்ந்து கேட்டால் அந்தத் துடிப்பு தெரியும். முதல் சரணத்தில் ஏறக்குறைய பேச்சுக் குரலாக, காற்றோடு கலந்து வரும் தொனி, பிற்பகுதியில் எஃகு போல் இறுகுவதையும் கவனிக்கலாம். பலமுறை பாடி, நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியிருந்தால் இந்த ஏற்றம் இவ்வளவு இயல்பாக அமைந்திருக்குமா என்பது ஐயமே.

மெட்டு முதலில் வந்ததா, வரிகள் முதலில் வந்தனவா?

மெட்டுதான் முதலில் வந்தது. படத்தின் பின்னணி இசைக்காக ஹார்னர் அமைத்த காதல் கருப்பொருள் மெட்டுக்கே ஜென்னிங்ஸ் வரிகளை எழுதினார். அதனால்தான் பாடலில் சொற்கள் குறைவாகவும் எளிமையாகவும், பெரும்பாலும் ஓரசைச் சொற்களாகவும் இருக்கின்றன. குழலோ பியானோவோ வாசிக்க அமைந்த மெட்டில் சுரங்கள் நீண்டு நிற்கும், அந்த நீட்சியைத் தாங்கக்கூடிய உயிரொலிகள் கவிஞருக்குத் தேவைப்பட்டன. தமிழ்த் திரையிசையில் மெட்டுக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று.

வரிகளில் கப்பலோ கடலோ பனிப்பாறையோ இல்லையே, ஏன்?

இந்தப் பாடலில் அதிகம் கவனிக்கப்படாமல் போகும் நுட்பம் இதுவே. பாடல், நீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் இளம்பெண்ணின் குரலில் எழுதப்படவில்லை. அந்த நிகழ்வைக் கடந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட, படத்தின் நாயகியான மூதாட்டி ரோஸின் குரலில் எழுதப்பட்டிருக்கிறது. இரவுதோறும் கனவில் தன் காதலன் ஜாக்கைக் காண்பதும், இடையே எவ்வளவு தூரம் இருந்தாலும் அவன் இருப்பதை உணர்வதும், ஒரே ஒரு முறை தொட்ட அன்பு ஆயுள் முழுவதும் நீடிப்பதும்தான் அதன் பொருள். அவள் கண்ட உலகில் கப்பல் எப்போதோ மூழ்கிவிட்டது. எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. விபத்தைப் பற்றி ஒரு சொல்லாவது இருந்திருந்தால், கேமரூன் அஞ்சியபடியே பாடல் படத்தின் கதைச்சுருக்கமாகச் சிறுத்துப் போயிருக்கும். கதையை அறியாதவர்கள் திருமண வரவேற்பிலும் இறுதிச்சடங்கிலும் ஒருசேர இதைப் பாட முடிவதற்கும் இதுவே காரணம்.

எழுதும்போது, சில ஆண்டுகளுக்கு முன் தாம் சந்தித்த நூறு வயதைக் கடந்த, உற்சாகம் குன்றாத ஒரு பெண்மணியை மனத்தில் வைத்திருந்ததாக ஜென்னிங்ஸ் கூறியுள்ளார். அவர் கலிபோர்னியாவின் ஓஹாயில் வாழ்ந்த மட்பாண்டக் கலைஞர் பியாட்ரிஸ் வுட். விந்தை என்னவென்றால், முதிய ரோஸின் பாத்திரத்தை அமைக்கும்போது கேமரூனும் அதே பெண்மணியைத்தான் முன்மாதிரிகளில் ஒருவராகக் கொண்டிருந்தார். படத்தில் மூதாட்டி ரோஸை முதன்முதலாகப் பார்க்கும்போது அவர் சக்கரத்தில் மண்பாண்டம் வனைந்துகொண்டிருப்பது இதனால்தான். வுட் டைட்டானிக்கில் பயணம் செய்தவர் அல்லர். செல்வக் குடும்பத்தில் பிறந்து, குடும்பம் வகுத்த வாழ்க்கையை உதறிவிட்டுக் கலைஞரானவர். அந்த ஒற்றுமைதான் இருவரையும் ஈர்த்தது. படம் வெளியான சில மாதங்களில், 1998 மார்ச்சில், 105 வயதில் அவர் காலமானார்.

படத்தில் பாடல் எத்தனை இடங்களில் வருகிறது?

வரிகளுடன் ஒரே இடத்தில்தான், இறுதியில். ஆனால் மெட்டு படம் நெடுகிலும் இருக்கிறது. மாலை வெளிச்சத்தில் கப்பலின் முகப்பில் ரோஸ் கைகளை விரித்து நிற்கும் காட்சியில் அது ஒரு பெண்ணின் சொல்லற்ற ஆலாபனையாக எழுகிறது. ஜாக் அவளை ஓவியமாக வரையும் காட்சியில் தனிப் பியானோவாக, ஏறக்குறைய தயங்கித் தயங்கி வருகிறது. அந்தப் பியானோவை வாசித்தவர் ஹார்னரே. மாதிரிக்காக அவர் வாசித்ததை இசைக்குழுவைக் கொண்டு மாற்ற வேண்டாம் என்று கேமரூன் அப்படியே வைத்துக்கொண்டார். அதே காட்சியில் காகிதத்தின்மேல் கரித்துண்டால் கோடிழுக்கும் கை கேமரூனுடையது. ஆக, திரையில் காணும் கையும் காதில் கேட்கும் விரல்களும் இரண்டு நடிகர்களுடையவையும் அல்ல.

பாடலின் வெற்றிக்கான காரணத்தை நான் இங்கேதான் தேடுவேன். செலினின் குரல்வளம், விளம்பரம், வானொலி எல்லாம் உதவின என்பது மெய். ஆயினும், இறுதியில் வரிகள் ஒலிக்கத் தொடங்கும்போது பார்வையாளருக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம். மூன்று மணி நேரமாக, அவர் அறியாமலேயே, அது அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. காதல் மலர்ந்த காட்சியிலும் நெருங்கிய காட்சியிலும் கேட்ட அதே சுரங்கள், எல்லாம் முடிந்த பிறகு சொற்களோடு திரும்பி வருகின்றன. புதிய பாடலைக் கேட்கும் உணர்வு அங்கே எழுவதில்லை. தெரிந்த ஒன்றுக்குக் கடைசியில் பேச்சு வந்தாற்போல் இருக்கிறது. ஒட்டவைத்த பாடல் என்ற குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாமல் போனதும் அதனாலேயே.

படத்தின் பின்னணியில் ஆலாபனை செய்வதும் செலின் டியானா?

இல்லை. அவர் நார்வே நாட்டுப் பாடகி சிசெல். இருவர் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு எளிதில் புலப்படும்: சிசெலின் குரல் அசைவு குறைந்து கண்ணாடி போல் தெளிந்திருக்கும். படப்பிடிப்புக் கட்டத்தில் கேமரூன் அயர்லாந்துப் பாடகி என்யாவின் இசையை விரும்பியிருந்தார். படத்தின் பின்னணியில் மின்னிசைக் கோரஸ் ஒலிகள் மிதமாகப் பரவியிருப்பதில் அந்தச் சாயல் தெரிகிறது.

தொடக்கத்தில் வரும் குழல் எது? அயர்லாந்துச் சாயல் ஏன்?

அது டின் விசில் எனப்படும் ஆறு துளைகளைக் கொண்ட சிறிய உலோகக் குழல். அயர்லாந்தின் நாட்டுப்புற இசையில் மிகச் சாதாரணமாகப் புழங்குவது. பின்னணி இசையின் வேறு இடங்களில், துருத்தியைக் கைமூட்டால் அழுத்தி வாசிக்கும் அயர்லாந்தின் இலன் பைப் கருவியும் ஒலிக்கிறது. அதை வாசித்தவர் எரிக் ரிக்லர். ஹார்னரின் ‘பிரேவ்ஹார்ட்’ படத்திலும் அவர் வாசிப்பு உண்டு.

டைட்டானிக் கட்டப்பட்டது பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில். அது கடைசியாக நின்ற துறைமுகம் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன். இன்றைய பெயர் கோவ். மூன்றாம் வகுப்பில் அமெரிக்காவுக்குப் புலம்பெயரப் புறப்பட்ட ஐரிஷ் மக்கள் பலர் அங்கேதான் ஏறினர். ஜாக் அமெரிக்கன்தான், எனினும் அவன் உலகம் கீழ்த்தளத்தின் உலகம். முதல் வகுப்பின் உணவுக்கூடத்தில் ஒலிக்கும் ஐரோப்பியச் செவ்விசைக்கு எதிர்நிலையில் இந்தக் குழல் நிற்கிறது. காதல் மெட்டுக்கு வயலினைத் தேர்ந்தெடுக்காமல் இதைத் தேர்ந்தெடுத்ததில், அந்தக் காதல் எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது.

கப்பல் மூழ்கும்போது இசைக்குழுவினர் வாசிப்பது இதே மெட்டா?

இல்லை. அது ‘நியரர், மை காட், டு தீ’ என்ற பழைய கிறித்தவப் பாடல். வாலஸ் ஹார்ட்லி தலைமையிலான எட்டு இசைக் கலைஞர்களும் 1912 ஏப்ரல் 15 அதிகாலை கப்பலோடு மாண்டனர் என்பது வரலாறு. அவர்கள் இறுதியாக வாசித்தது எது என்பதில் உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்களே மாறுபடுகின்றன.

இசை இலக்கணப்படி பாடலில் என்ன நடக்கிறது?

நம் வழக்கில் சொன்னால், பாடல் மூன்று கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) தொடங்குகிறது. சுரங்கள் சங்கராபரணத்துக்கு உரியவை. ராகமாக அன்று, மேற்கத்திய மேஜர் அளவுகோலாக. சரணத்தில் மெட்டு ஆதாரச் சுரமான சட்ஜத்தைச் (ச) சுற்றியே, தாழ்ந்த குரலில், குறுகிய எல்லைக்குள் அசைகிறது. பல்லவியாக ஒலிக்கும் பகுதி தொடங்கும்போது, சுரங்கள் மாறாமலேயே, அடியில் நிற்கும் ஒத்திசைவு சட்ஜத்தை விட்டு, ஆறாவது சுரமான தைவதத்தை (த) ஆதாரமாகக் கொள்கிறது. ஆதாரச் சுரத்தை மாற்றி வேறொரு ராகத்தைப் பெறும் கிரக பேதத்தில் சங்கராபரணத்தின் தைவதம் நடபைரவி ராகத்தைத் தருவது போல, இங்கே சோகம் கலந்த மைனர் நிறம் வந்து சேர்கிறது. அங்கிருந்து அடிச்சுரம் த, ப, ம என்று படிப்படியாக இறங்கி மீண்டும் பஞ்சமத்துக்கு ஏறுகிறது. மேலே குரல் எழும்ப, கீழே அடித்தளம் சரிய, இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால்தான் அந்த இடத்தில் ஏக்கம் பிறக்கிறது.

இரண்டாம் முறை பல்லவி முடிந்து, இடையிசைக்குப் பின் முரசுகள் திடுமென ஒலிக்க, சுருதி மூன்று கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குத் தாவுகிறது. அதாவது முன்னர் மூன்றாவது சுரமான அந்தர காந்தாரமாக இருந்த இடம் புதிய சட்ஜமாகிறது. இறுதிப் பல்லவியை உயர்த்திப் பாடுவது பாப் இசையில் புளித்துப்போன உத்திதான். ஆனால் வழக்கமாக அரைக் கட்டையோ ஒரு கட்டையோதான் ஏற்றுவார்கள். நான்கு அரைச்சுரங்களை ஒரே வீச்சில் தாண்டுவது அரிது. அந்தத் தாவலுக்கு எவ்வித முன்னறிவிப்பும் தரப்படாததால் முதல்முறை கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். அதற்குப் பின் பாடல் மெதுவாக அடங்கி, முணுமுணுப்பாகக் கரைகிறது.

படத்துக்குள் வராமல், பெயர்ப்பட்டியலில் வரும் பாடலுக்கு ஆஸ்கர் எப்படிக் கிடைத்தது?

திரைப்படத்துக்கென்றே எழுதப்பட்ட பாடலாக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. பெயர்ப்பட்டியலில் ஒலிப்பது என்றால், அங்கே முதலாவதாக ஒலிக்கும் இசையாக இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. இந்தப் பாடல் அதற்கும் பொருந்துகிறது. 1998 மார்ச் 23 அன்று நடந்த விழாவில் ‘டைட்டானிக்’ பெற்ற 11 விருதுகளில் இசைக்கும் பாடலுக்கும் உரியவை ஒன்றுக்கு இரண்டாக ஹார்னருக்குச் சென்றன. பாடலுக்கான ஆஸ்கர் இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் மட்டுமே உரியது, பாடியவருக்குக் கிடையாது. ஆகவே, செலின் டியான் இந்தப் பாடலுக்காக ஆஸ்கர் வென்றார் என்று எழுதப்படுவது பிழை.

அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருதுகளில் கணக்கு வேறு. 1999-இல் பாடல் நான்கு கிராமி விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது எழுதியவர்களுக்கும், ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான விருது பாடகிக்கும் தயாரிப்பாளர்களுக்கும் உரியவை. 2025-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கப்பட வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

அவ்வளவு புகழ்பெற்ற பாடல் அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டே வாரங்கள் முதலிடத்தில் இருந்தது ஏன்?

அன்றைய விதியும் நிறுவனங்களின் வியாபாரக் கணக்கும் சேர்ந்து செய்த வேலை அது. தனிப்பாடல் தட்டாகக் கடைக்கு வராத பாடல், வானொலியில் எவ்வளவு ஒலித்தாலும், அந்தப் பட்டியலில் நுழைய முடியாது. பாடல் திரையிசைத் தொகுப்பிலும், ‘லெட்ஸ் டாக் அபவுட் லவ்’ என்ற செலினின் சொந்தத் தொகுப்பிலும் இருந்தது. தனிப்பாடலை மலிவாக விற்றால் அந்த இரண்டின் விற்பனையும் குறையும். ஆகவே 1998 பிப்ரவரியில்தான், அதுவும் குறைந்த எண்ணிக்கையில், தட்டு வெளியிடப்பட்டது. பிப்ரவரி 28 தேதியிட்ட பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. தட்டுகள் தீர்ந்ததும் இறங்கியது. தனிப்பாடலாக விற்கப்பட வேண்டும் என்ற விதி அதே ஆண்டு டிசம்பரில் கைவிடப்பட்டது. திரையிசைத் தொகுப்போ தொடர்ந்து 16 வாரங்கள் தொகுப்புகளின் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. ஒரே ஒரு பாடலைத் தவிர மற்றெல்லாம் பின்னணி இசையாக அமைந்த தொகுப்புக்கு இது வியப்பான வெற்றி.

பாடலின் எந்தெந்தப் பதிவுகள் புழக்கத்தில் உள்ளன?

திரையிசைத் தொகுப்பில் உள்ளது ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. செலினின் தொகுப்பில் உள்ளது அதைவிடச் சுருக்கம். படத்தின் வசனங்களை இடையிடையே கோத்த பதிவு ஒன்று 1998-இல் வந்த ‘பேக் டு டைட்டானிக்’ தொகுப்பில் இருக்கிறது. காட்சியை நினைவூட்டும் என்பதைத் தவிர அதில் பயன் எதுவும் இல்லை. பேச்சு நுழையும் இடமெல்லாம் மெட்டு மூச்சு விட வேண்டிய இடம். நடனத்துக்கேற்ற மறுகலவைகளும் வந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பலருக்கு இந்தப் பாடல் சலித்துப்போனது ஏன்?

1998 முழுவதும் வானொலி, கடைத்தெரு, மின்தூக்கி என்று எங்கும் இது ஒலித்தது. படத்தின் நாயகி கேட் வின்ஸ்லெட்டே, தாம் எங்கு போனாலும் இதை வாசித்து வரவேற்கிறார்கள் என்று பின்னாளில் அலுத்துக்கொண்டதுண்டு. பாடல் படத்திலிருந்து பிரிந்து தனியாகத் திரிந்ததே சலிப்புக்கு முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது. மூன்று மணி நேரத் தயாரிப்பு இல்லாமல், நேராக உச்ச உணர்ச்சியை மட்டும் ஒரு நாளில் பத்து முறை கேட்பவருக்கு அது மிகையாகத்தான் படும்.

கேமரூனும் ஹார்னரும் இதே உத்தியை மீண்டும் கையாண்டார்களா?

ஆம், 2009-இல் ‘அவதார்’ படத்தில். அங்கும் பின்னணி இசையின் மெட்டிலிருந்து ஒரு பாடல் உருவாக்கப்பட்டு, லியோனா லூயிஸ் குரலில் பெயர்ப்பட்டியலில் ஒலித்தது. படம் வசூலில் ‘டைட்டானிக்’கையும் மிஞ்சியது, பாடலை இன்று முணுமுணுப்பவர் அரிது. அமைப்பு ஒன்றாக இருந்தும் விளைவு வேறாக இருந்ததற்கு, அந்தப் படத்தின் இசை புதியதொரு கோளையும் அதன் காட்டையும் மக்களையும் கட்டியெழுப்புவதில் முனைந்ததும், காதலர் இருவருக்கென்று எளிதில் பாடத்தக்க ஒற்றை மெட்டைக் காதில் பதிய வைக்காததும் காரணம் என்பேன்.

மேடையில் பாட விரும்புபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சுருதித் தேர்வைத்தான். பாடலின் மொத்த வீச்சு ஒரு ஸ்தாயியைவிடச் சற்றே அதிகம். ஆகவே தொடக்கம் எல்லோருக்கும் எளிதாக இருக்கும், அந்த எளிமையை நம்பித் தமக்கு வசதியான உயரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு அரைச்சுரங்கள் மேலே போக வேண்டிய இறுதிப் பல்லவியில் குரல் கிழிகிறது. ஆகவே முதலில் கடைசிப் பல்லவியைப் பாடிப் பார்த்து, எந்தச் சுருதியில் அதை நெருக்கடியின்றி நிறுத்திப் பாட முடிகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே கணக்கிட்டுத் தொடக்கச் சுருதியை முடிவு செய்வதே சரியான முறை. அப்படிச் செய்யும்போது முதல் சரணம் சங்கடமான தாழ்வுக்குப் போனால் கவலைப்பட வேண்டியதில்லை. அது ஓங்கிப் பாட வேண்டிய பகுதி அன்று. அதுவும் இயலாதவர்கள் சுருதி மாற்றத்தையே விட்டுவிட்டு, கடைசிப் பல்லவியைத் தொடக்கச் சுருதியிலேயே, ஒலி அளவை மட்டும் கூட்டிப் பாடலாம். பாடலுக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. மூச்சைப் பொறுத்தவரை, பல்லவியின் நீண்ட சுரங்களுக்கு முன் தோளை உயர்த்தி அவசரமாக இழுக்கும் மூச்சு ஒலிவாங்கியில் அப்படியே கேட்கும். முந்தைய வரியை அரை மாத்திரை முன்னதாக விட்டுவிட்டு, அங்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.